நாலரை மாடி

அந்த வருஷத்துக் கோடைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், மின்விசிறிகள் சுற்றவா வேண்டாமா என்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒரு தெருவில் உழைக்கிறவருக்கு அந்தத் தெருவிலேயே உறங்க இடம் வேண்டும் என்று தொடங்கிய அந்தச் சட்டம், ஐம்பது வீட்டுக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமும் தன்னில் ஒரு தளத்தை அந்தத் தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும், வாடகை அவர்கள் சம்பாத்தியத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலிடம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. ஆம் என்போர் ஆம் என்றார்கள், இல்லை என்போர் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது, எல்லோரும் ஊருக்குப் போக ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள், சட்டம் மட்டும் தனியாக மேஜைமேல் கிடந்தது.

குளக்கரைத் தெருவில், குளமும் போய்க் கரையும் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்ட அந்தத் தெருவில், இளவேனில் என்று ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் ஐம்பத்தாறு வீடு, கீழே கார்கள் நிற்கும் தரைத்தளம். சட்டம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் வைஜெயந்திக்கு அறுபத்தொரு வயது, முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தார், கையெழுத்து முத்துக் கோத்தது போல இருக்கும். அதனால் மனு எழுதும் வேலை அவருக்கு வந்தது. ‘எங்கள் கட்டடத்தில் ஒரு சாண் இடம்கூட மீதமில்லை’ என்று அவர் எழுதினார், ஐம்பத்தாறு வீட்டுக்காரர்களும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மனு போய்ச் சேர்ந்தது. சட்டம் அரசிதழில் ஏறி, ஒரு திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கட்டடத்தில் ஒரு மாடி கூடுதலாக இருந்தது.

அதை முதலில் பார்த்தவள் தேசம்மா. இளவேனிலில் ஒன்பது வருஷமாகப் படி துடைக்கிறவள், நாற்பத்து மூன்று வயது. வாளியோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்தின் விதி இருந்ததால் தினமும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஏழாம் மாடிக்குப் போய், அங்கிருந்து கீழ்நோக்கித் துடைத்துக்கொண்டு இறங்குவாள். மாடிக்குப் பதினெட்டுப் படி, ஏழு மாடிக்கு நூற்று இருபத்தாறு. வாய் எண்ணாவிட்டாலும் கால் எண்ணும். அன்றைக்கு நாலாம் மாடியைத் தாண்டிப் பதினெட்டுப் படி ஏறியவள், வைஜெயந்தி மேடத்தின் வாசலில் இருக்கும் ஓமவல்லித் தொட்டி எங்கே என்று பார்த்தாள். தொட்டி இல்லை. அங்கே செருப்பு இல்லாத எட்டு வாசல்கள் இருந்தன. எட்டுக் கதவும் ஒரு விரற்கடை திறந்து இருந்தன, உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது, ஒரு குழாயைத் திருகிப் பார்த்தாள், தண்ணீர் வந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. தேசம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, மாடி என்று இருந்தால் துடைக்கத்தானே வேண்டும் என்று மேலே போய், வழக்கம்போல ஏழிலிருந்து துடைத்துக்கொண்டு வந்து, அந்த மாடியையும் துடைத்துவிட்டு, கீழே வந்து வாட்ச்மேனிடம், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்று வந்திருக்கிறது, யாரிடமாவது சொல்லிவிடு என்று சொன்னாள்.

லிஃப்டில் போகிறவர்களுக்கு மத்தியானம் வரை தெரியவில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே லிஃப்ட் ஒரு பெருமூச்சு விடும் நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் சிலருக்குத் தோன்றியது. தெரிந்த பிறகு எல்லோரும் இறங்கி வந்தும் ஏறி வந்தும் பார்த்தார்கள். சுவரைத் தட்டினார்கள், சுவர் சுவர் போலவே சத்தம் கொடுத்தது. லிஃப்ட் மெக்கானிக் வந்து பலகையைக் கழற்றிப் பார்த்தான். யாரும் இழுக்காத ஒயர் ஒன்று அங்கே தயாராக இருந்தது. அவன் அதில் ஒரு பொத்தானைப் பொருத்திவிட்டு, என்ன நம்பர் போடட்டும் என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் கட்டடமே மாட்டிக்கொண்டது. அதை ஐந்து என்று சொன்னால் ஐந்து ஆறாகும், ஆறு ஏழாகும், அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் விலாசம் மாற்ற வேண்டும், அதற்கு ஒரு ஜன்மம் போதாது. கணக்கு டீச்சர் வைஜெயந்திதான் வழி சொன்னார், நாலரை என்று வைத்துக்கொள்ளலாம் என்று. ஏழரைதான் ஆகாது, நாலரை ஒன்றும் செய்யாது என்று மூன்றாம் மாடிப் பெரியவர் பஞ்சாங்கம் பார்க்காமலே சொன்னார். அப்படியாக அது நாலரை மாடி ஆனது.

மாநகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து எதிர்ச்சாரியில் நின்று கருவி வைத்து அளந்தார். கட்டடம் பத்தடி உயர்ந்திருந்தது, அஸ்திவாரத்தில் கீறல் இல்லை, தூண்களில் நோக்காடு இல்லை. எப்படி வந்தது என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, இருக்கிறதா என்ற கட்டத்தில் ‘இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார். மின்வாரிய ஆள் எட்டு மீட்டர் மாட்டினான். தபால்காரர் நாலரை மாடிக்குக் கடிதம் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்டு, எட்டுப் புதுப் பெட்டி வைக்கச் சொன்னார். இப்படி அரசாங்கமும் தபாலும் மின்சாரமும் ஒத்துக்கொண்ட பிறகு, மனிதர்கள் எத்தனை நாள் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியும்.

ஏழாம் மாடியில் சங்கத் தலைவர் கேசவமூர்த்தி இருந்தார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மேலாளர். பதினோரு வருஷமாக அவர் பால்கனிக்கு எதிரே ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியும் அதன் தண்ணீர்த் தொட்டிகளும் மட்டுமே தெரிந்துகொண்டிருந்தன. மாடி வந்த மறுநாள் காலையில் காப்பியோடு வந்து நின்றவர், அந்தத் தொட்டிகளுக்கு மேலே வேட்டிக் கரை அகலத்துக்கு ஒரு நீலம் கிடப்பதைப் பார்த்தார். கடல். அன்றைக்கு அவர் ஆபீசுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார், ஆறாம் மாடிக்காரர்கள்கூட வந்து எக்கிப் பார்த்தார்கள், சாயங்காலமானால் மேல்மாடி வீடுகளில் உப்புக் காற்று வந்து நாட்காட்டித் தாள்களைப் புரட்டியது. அந்த ஒரு வாரம் இளவேனிலில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, தொலைக்காட்சிகள் தணிந்த குரலில் பேசின, கேட்டில் வண்டி நிறுத்துகிறவர்கள்கூட முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

அடுத்த வாரம் அந்த மாடியை என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் என்றார் ஒருவர், யோகா என்றார் ஒருவர், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தால் தங்க அறைகள் என்றார்கள். கட்டடம் கட்டிய கம்பெனியும் ஓர் ஆளை அனுப்பி, நாங்கள் கட்டிய கட்டடத்தில் முளைத்தது எங்களுடையது என்றது. எல்லோருக்கும் குறுக்கே சட்டம் நின்றது. அதில் ஒரு வரி இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பிறகு வந்த தளம் எதுவானாலும் சட்டத்துக்குள் சேரும், அதற்கு முன்பே இருந்து வேறு காரியத்துக்குப் பயன்பட்டது சேராது. வக்கீல் ஒருவர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, மாடி எப்போதும் இருந்தது என்று சொல்லிவிடுங்கள் என்றார், சாமான் போட்டுவைக்கிற மராமத்துத் தளம், அதனால்தான் வரைபடத்தில் எண் இல்லை. ஐம்பத்தாறு வீட்டுக்காரர்களும் லிஃப்டில் போகிறவர்கள், அவர்கள் சாட்சி எடுபடாது. தினமும் அதன்வழியாக நடந்து போனவள் ஒருத்திதான்.

தேசம்மாவின் வீடு முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு வெளியே ஏரியை ஒட்டிக் கட்டிய குடியிருப்பில் இருந்தது. விடியலுக்கு முன்னால் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள், இருட்டியபிறகு இரண்டு பஸ் மாறிப் போவாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். மகள் மோனிஷாவுக்குப் பதினோரு வயது. அவள் விழிக்கும்போது அம்மா இருக்க மாட்டாள், அம்மா வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். அதனால் இருவரும் உப்பு டப்பாவுக்கு அடியில் சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொண்டார்கள். அம்மா கிராஃப் நோட்டு வேணும் என்று ஒரு சீட்டு, சாம்பாரைச் சூடு பண்ணித் தின்னு என்று ஒரு சீட்டு, மிஸ் என்னைப் பாடச் சொன்னாங்க என்று ஒரு சீட்டு, என்ன பாட்டு என்று ஒரு சீட்டு. என்ன பாட்டு என்பதற்குப் பதில் வர ஒரு நாள் ஆகும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தேசம்மா அந்தச் சீட்டுகளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படிப்பாள், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கேசவமூர்த்தி அவளைத் தரைத்தளத்து மோட்டார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய பம்பை எடுத்துவிட்ட பிறகு சும்மா கிடக்கிற அறை, நாலு பேர் படுக்கலாம், மூலையில் குழாய்.

“பொண்ணைக் கூட்டிட்டு வந்துடு, தேசம்மா. இங்கயே இருந்துக்கோ. வாடகைன்னு ஒண்ணும் வேணாம். அதிகாரி வந்து கேட்டா, அந்த மாடி எப்பவும் இருந்ததுன்னு சொல்லணும், அவ்வளவுதான்.”

அன்றைக்கு வேலை முடிந்ததும் தேசம்மா அந்த அறைக்குத் திரும்பிப் போய், இங்கே அடுப்பு, இங்கே மோனிஷாவின் புத்தகம், இங்கே பாய் என்று நின்று நின்று பார்த்தாள். ஜன்னல் இல்லைதான், அதனால் என்ன, மோனிஷாவின் பள்ளிக்கூடத்தை இந்தப் பக்கம் மாற்றிவிடலாம், அவளைத் தன் கையால் தலைவாரி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது, மோனிஷா எந்தக் கேள்வியும் கேட்காமல் தன் துணிகளை மடித்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பையைப் பார்த்ததும், பொய்தானே, சொல்லிவிட்டுப் போகலாம் என்று தேசம்மா முடிவு செய்தாள்.

விசாரணை நாலரை மாடியிலேயே நடந்தது. வாடகை அதிகாரி தாமரைச்செல்வி முப்பது வயது இருக்கக்கூடிய பெண், நடைக்கூடத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கோப்பை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வீட்டுக்காரர்கள், ஒரு பக்கம் தெருவில் வேலை செய்கிறவர்கள். இஸ்திரி வண்டி ஏகாம்பரம், மருந்துக் கடைப் பெண்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர், சின்ன மருத்துவமனையில் ஆயாவாக இருக்கிற ரெபெக்காள் என்று இருபது பேர் இருந்தார்கள், எல்லோரும் சுவரோரம் நின்றார்கள், நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. தாமரைச்செல்வி முதலில் சங்கத்தின் பழைய மனுவைப் படித்தார். ஒரு சாண் இடம்கூட மீதமில்லை. பிறகு புது மனுவைப் படித்தார். ஒரு தளம் முழுக்கச் சாமான் போட எப்போதும் இருந்தது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்தது, வைஜெயந்தியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், வைஜெயந்தி தரையைப் பார்த்தார். பிறகு தேசம்மாவைக் கூப்பிட்டார்கள்.

தேசம்மா சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். சொல்லத்தான் போனாள். அப்போது இடப்பக்கத்துக் கடைசி வீட்டின் முன்னால் ஏகாம்பரம் நிற்பது கண்ணில் பட்டது. முப்பது வருஷமாகப் புங்கமரத்தடியில் நின்றபடியே ஊரார் துணியைத் தேய்க்கிற மனிதர், உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, யாரும் இல்லாத அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை நீங்க படி ஏறினீங்களாம்மா?” என்று கேட்டார் தாமரைச்செல்வி.

“ஏறினேன்.”

“எத்தனை படி?”

தேசம்மா வாயைத் திறந்தாள். பொய் எண்ணை நினைத்துப் பார்த்தாள், அவள் காலுக்கு அது தெரியவில்லை.

“நூத்தி இருபத்தாறு. செவ்வாக்கிழம நூத்தி நாப்பத்தி நாலு. நான் மறந்தாலும் என் முட்டி மறக்காது மேடம். திங்கக்கிழம இந்த மாடி இல்ல.”

தாமரைச்செல்வி எழுதினார். தேசம்மாவுக்கு, அடுக்கி வைத்த அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய், நிறைந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அன்று சாயங்காலம் வாட்ச்மேன் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். அவனுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு நாள் கழித்துத் தாமரைச்செல்வியின் பட்டியல் வெளியானது. தூரத்தை வைத்து எட்டுப் பேர், முப்பத்தெட்டு கிலோமீட்டருக்குத் தேசம்மாதான் முதல் பெயர். ஆனால் சட்டம் சட்டம்தான். தெருவில் வேலை செய்கிறவர் என்று வேலை கொடுப்பவரின் கையெழுத்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிட்டு ஒன்பதாவது ஆளைச் சேர்க்க வேண்டியதுதான் என்று தாமரைச்செல்வி போனில் சொன்னார். சொல்லிவிட்டு, வேறு எங்கேயாவது இந்தத் தெருவில் வேலை கேட்டுப் பாருங்க அக்கா என்றார். தேசம்மா கேட்டாள். வியாழக்கிழமை முழுக்கத் தெருவின் இரண்டு சாரியிலும் ஏறி இறங்கினாள். மருந்துக் கடையில் ஆள் இருந்தது, மாவு மில்லில் ஆள் இருந்தது, மற்றக் கட்டடங்களில் அவள் பெயர் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சங்கத்தின் சாவிக்கொத்து இன்னும் தன்னிடம் இருப்பது நினைவு வந்து, அதைக் கொடுத்துவிட ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். நாலரை மாடியில் எட்டுக் கதவும் திறந்தே இருந்தன. அந்த வீடுகளுக்குள் காற்று போய்த் திரும்பும் சத்தம், யாரோ பெருக்கிக்கொண்டிருப்பது போல, யாரோ குழந்தையை உஷ் உஷ் என்று தட்டித் தூங்கவைப்பது போல இருந்தது.

வைஜெயந்தி கதவைத் திறந்து, சாவியை வாங்காமல், உள்ளே வா என்றார். ஒன்பது வருஷத்தில் தேசம்மா அந்த வாசலைத் தாண்டியதில்லை. உட்காரச் சொன்ன நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வைஜெயந்தி எதிரே உட்கார்ந்தார், பேச்சு எங்கேயோ ஆரம்பித்தது. அவர் பிறந்தது திருவல்லிக்கேணியில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், ஒரே அறையில் ஒன்பது பேர். அப்பாவுக்கு ஆபீஸ் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், நூலகம் பக்கம், அந்த ஒரு அறை அந்தத் தெருவில் கிடைத்ததால்தான் அவர் படித்தார், டீச்சர் ஆனார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றாமல் விட்டது அந்தக் காலத்தில் இருந்த ஏதோ ஒரு சட்டத்துக்குப் பயந்துதான் என்று அப்பா சொல்வார். அதெல்லாம் மறந்தே போயிருந்தது. இந்த மாடி வந்தபிறகு மத்தியானங்களில் படுத்தால் கீழே அந்தக் காலி வீடுகளின் சத்தம் கேட்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

“முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குத் தப்புக் கணக்கைத் திருத்தினேன். ஒரு சாண் இடமில்லைன்னு எழுதினேன் பாரு, அளந்து பார்க்காம எழுதினேன்.”

தேசம்மா பரவாயில்ல மேடம் என்றாள். சொன்னபிறகு, பரவாயில்லை இல்லையே என்று அவளுக்கே தோன்றியது.

வைஜெயந்தி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். குளக்கரைத் தெரு, இளவேனில் குடியிருப்பு, ஐந்தாம் மாடியில் வசிக்கும் நான், தேசம்மா என்பவரை இன்று முதல் என் வீட்டு வேலைக்கு அமர்த்தியிருக்கிறேன். முத்துக் கோத்த எழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

“என்ன வேலை மேடம்?”

“எனக்கும் நாலரைக்கும் நடுவுல பதினெட்டுப் படி இருக்கு. அதை யாரு துடைப்பா?”

தாளை வாங்கிக்கொண்டு தேசம்மா இறங்கினாள். தாமரைச்செல்வியின் அலுவலகம் மூன்று தெரு தள்ளி. மணி நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தவளுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை, தாளை நீட்டினாள், தாமரைச்செல்வி படித்துப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார், மேஜைமேல் இருந்த பேனாக்கள் துள்ளின.

ஆவணி பிறந்ததும் எட்டுக் குடும்பங்கள் நாலரை மாடிக்கு வந்தன. ஏகாம்பரத்தின் மருமகள் வாசலில் கோலம் போட்டாள், ரெபெக்காள் ஜன்னலில் ஒரு சிலுவையும் கீழே ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் வைத்தாள், எட்டு வாசலிலும் செருப்புகள் சேர்ந்தன. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் அது பொய். கொடியில் துணி காயப்போட்டதற்குச் சண்டை வந்தது, லிஃப்டில் மீன் வாசனை என்று ஒரு சண்டை, மீன் குழம்பு எந்த வீட்டுது என்று தேடிப்போனபோது அது ஆறாம் மாடி வீட்டுது என்று தெரிந்து அந்தச் சண்டை பாதியில் நின்றது. படி துடைக்க ஏஜென்சி ஆட்களைச் சங்கம் வைத்துப் பார்த்தது. அவர்கள் ஒப்பந்தத்தில் ஏழு மாடி என்று இருக்கிறது என்று ஏழு மட்டும் எண்ணித் துடைத்தார்கள், கீழிருந்து எண்ணினால் மேலே ஒன்று அழுக்காக இருந்தது, மேலிருந்து எண்ணினால் கீழே ஒன்று. ஒரு மாதம் பொறுத்துவிட்டுத் தேசம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாளியோடு லிஃப்டில் போகலாம் என்றால் வருகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பினாள், சரி என்றார்கள்.

கட்டடம் கட்டிய கம்பெனி, அந்த மாடியை அகற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டது, கேசவமூர்த்தியையும் சேர்ந்து கையெழுத்துப் போடக் கேட்டது. அதை எடுத்தால் மேலே இருக்கிறவர்கள் பத்தடி கீழே வந்துவிடுவார்கள் என்று அந்தப் பொறியாளர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். கேசவமூர்த்தி அந்த வரியைப் படித்துவிட்டு, பால்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தேசம்மாவோடு மட்டும் அவர் பேசுவதில்லை, எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார், அவளும் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. மோனிஷா தெருக்கோடியிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் அரைமணி ஆகியிருந்தது. தேசம்மா மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்கி, மூன்றாம் மாடிப் படியை முடித்துவிட்டு மூலையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, கீழேயிருந்து திபுதிபுவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. மோனிஷாதான். செருப்பைக் கீழே உதறிவிட்டு, சேற்றுக் காலோடு, ரெட்டைச் சடை ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, ஈரப் படியில் தாவித் தாவி ஏறினாள்.

“சாப்பாட்டை மறந்துட்டேம்மா,” என்று ஓடிக்கொண்டே சொன்னாள்.

மேலே கதவு திறந்தது, பாத்திரம் ஒன்று விழுந்தது, கதவு சாத்தியது, டிபன் டப்பா கையில் ஆட அவள் அதே வேகத்தில் இறங்கி ஓடினாள். மறந்ததை எடுக்கத் திரும்பி வரமுடிகிற தூரம். தேசம்மாவுக்கு அது புதிதாக இருந்தது. முன்பெல்லாம் காலையில் மறந்தால் மறந்ததுதான், அன்றைக்கு முழுக்க அது இல்லாமல்தான் இருந்தாக வேண்டும். துடைத்த படியில் மேலே போகிற பாதம் ஒரு வரிசை, கீழே வருகிற பாதம் ஒரு வரிசை, சின்னச் சின்னதாக, விரல் விரலாகப் பதிந்திருந்தது. அவள் பிழிந்த துணியை எடுத்து அந்தப் படிவரைக்கும் கொண்டுபோய், குனிந்து, அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லாமல் லிஃப்ட் நின்றிருந்ததால் கேசவமூர்த்தி படியில் இறங்கி வந்தார், ஆபீஸ் பையும் பளபளக்கும் ஷூவுமாக. அவளைப் பார்த்ததும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார்.

“ஓரமா போங்க சார்,” என்றாள் தேசம்மா. “நடுவுல காயட்டும்.”

அவர் நின்றார். படியைப் பார்த்தார், அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, சுவரில் தோள் உரச, ஒவ்வொரு படியாக ஓரத்திலேயே கால் வைத்து இறங்கிப் போனார்.